குளிரூட்டிக்கு ஒரு மரத்தட்டி

கச்சான் காற்று எழுந்துவிட்டால் மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில் பகல் பொழுது நீண்டுவிடும். தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் அந்தப் பக்கத்தில் தனது மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் இழந்து, சரிவில் இறங்கும்போது சூடேறி நம்மிடம் வந்து சேர்கிறது. அதையே நாம் கச்சான் என்கிறோம். மே மாதம் முதல் செப்டெம்பர் வரை ளுஹருக்கும் அஸருக்கும் இடையில் ஓட்டு வீட்டுக்குள்ளேயே இருப்பது சிரமம். கொங்கிறீட் தட்டுப் போட்ட வீடு என்றால் சொல்லவே வேண்டாம்.

நமது உம்மம்மாமார் காலத்தில் வீட்டுக்குக் கிடுகுக் கூரை, வளவுக்குக் கிடுகு வேலி, கிணற்றடிக்குக் கிடுகுத் தட்டி. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் வழி இருந்தது. இன்று வளவுகள் பிள்ளைகளுக்குப் பிரிந்து சுருங்கிவிட்டன. வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கின்றன. வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளின் உழைப்பாலும், வயோதிபப் பெற்றோரின் நோயாலும், சில வீடுகளில் ஏ.சி. எனப்படும் குளிரூட்டி ஓர் அவசியப் பொருளாகவே வந்துவிட்டது. அது வந்த வீடுகளில் ஒரு புதிய பிரச்சினையும் கூடவே வந்திருக்கிறது. சுவருக்கு வெளியே தொங்கும் அந்தப் பெரிய வெள்ளைப் பெட்டியை என்ன செய்வது?

தொழிலாளர்கள் 'அவுட்டோர்' என்று சொல்லும் இந்த வெளிப்பெட்டி, பூச்சாடிகள் வைத்து அழகுபடுத்திய முற்றத்திலோ, பெண்கள் நடமாடும் கிணற்றுப் பக்கத்திலோ வந்து அமர்ந்துவிடுகிறது. பார்க்கவும் அழகில்லை, கடற்காற்றில் சீக்கிரம் கறளும் பிடிக்கிறது. "இதை ஒரு மரத்தட்டி அடித்து மறைத்துவிட்டால் என்ன?" என்று இல்லத்தரசிகள் கேட்பது நியாயமே. என் மனைவியும் அப்படித்தான் கேட்டார். நானும் மறைத்தேன். முதல் முறை பிழையாக மறைத்தேன். அந்தப் பிழையின் விலையை நான் செலுத்தவில்லை, இன்னொருவர் செலுத்தினார். அதை இங்கே எழுதுவது என்னைப் போல் இன்னொருவர் செய்துவிடக் கூடாது என்பதற்காகவே.

முதல் தட்டி

எங்கள் பகுதியில் திருமணமானால் மணமகன் பெண் வீட்டில் குடியேறுவதே வழக்கம். நானும் அப்படி வந்தவன்தான். மாமியின் வளவு இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதியில் என் மனைவியின் வீடும் மறு பாதியில் அவருடைய தங்கையின் வீடும் நிற்கின்றன. இரண்டுக்கும் நடுவே நான்கடி அகலத்தில் ஓர் ஒழுங்கை. மாமி எங்களோடு இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், இடுப்பு முறிந்த பிறகு படுக்கையில் காலம் கழிக்கிறார்.

2023ஆம் ஆண்டு மே மாதம் கச்சான் கடுமையானபோது மாமியின் முதுகெல்லாம் கொப்புளமாகிவிட்டது. கட்டாரிலுள்ள மூத்த மகன் பணம் அனுப்பினான். மாமியின் அறைக்கு ஒரு குளிரூட்டி வாங்கினோம். பொருத்த வந்த பொடியன்மார் குழாய்ச் செலவு குறையும் என்று அறைச் சுவரின் மறுபுறமே, அதாவது அந்த நான்கடி ஒழுங்கையிலேயே, வெளிப்பெட்டியைத் தாங்கியில் மாட்டிவிட்டுப் போனார்கள். "இதில் பிரச்சினை ஒன்றுமில்லையா?" என்று கேட்க வேண்டியவன் நான். கேட்கவில்லை.

ஒரு கிழமையில் பெட்டியை மறைக்கும் பேச்சு வந்தது. ஓர் ஓடாவியைப் பிடித்து, மலிவான பலகையில் ஒரு கூடு செய்வித்தேன். இரண்டு பக்கமும் மேலும் முழுப் பலகை. முன்பக்கம் நெருக்கமாக அடித்த சாய்வுச் சலாகைகள். சலாகைக்கும் சலாகைக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாது. வெள்ளைப் பெயின்ட் பூசியதும் அலுமாரி போலவே இருந்தது. "மௌலவி வீட்டு ஏ.சி.க்கு உடுப்புப் போட்டிருக்கிறார்" என்று அயலில் சொன்னார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான்.

இரண்டாம் மாதம் மின்பட்டியல் வந்தது. அவ்வாண்டு பெப்ரவரியில் கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டிருந்ததால் முதலில் அதையே காரணமாக நினைத்தேன். ஆனால் அலகுகளின் எண்ணிக்கையும் கூடியிருந்தது. அத்தோடு, கடும் வெயில் நேரத்தில் குளிரூட்டி தானாகவே நின்றுவிடும். சிறிது நேரம் கழித்து மீண்டும் ஓடும். எந்த நேரத்தில் மாமிக்கு அது தேவைப்பட்டதோ அந்த நேரத்திலேயே அது கைவிட்டது.

திருத்த வந்தவர் வேறொரு தம்பி. ஒழுங்கைக்குள் போய்ப் பார்த்தவர், கூட்டின் மேற்பலகையைக் கழற்றிக் கையை உள்ளே வைத்துவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். "மெஷினுக்கு ஒரு பழுதுமில்ல மௌலவி. அதுக்கு மூச்சு விட எடமில்ல" என்றார்.

வெப்பம் எங்கே போகிறது?

இங்கே ஒரு விடயத்தைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். குளிரூட்டி குளிரை உண்டாக்குகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மையில் அது வெப்பத்தைத் தூக்கி இடம் மாற்றும் ஒரு சுமைகாரன். அறைக்குள் இருக்கும் பெட்டி அறையின் வெப்பத்தை உறிஞ்சுகிறது. செப்புக் குழாயில் ஓடும் வாயு அதைச் சுமந்து வெளியே வருகிறது. வெளிப்பெட்டியிலுள்ள அமுக்கி அந்த வாயுவை அழுத்துகிறது. விசிறி, பின்பக்கத்தாலும் ஒரு பக்கத்தாலும் காற்றை இழுத்து, சூடான தகடுகளினூடாகச் செலுத்தி, முன்பக்கத்தால் வெளியே தள்ளுகிறது.

நமது வீடுகளில் சாதாரணமாகப் பொருத்தப்படும் 12,000 பீ.டி.யூ. அளவுள்ள குளிரூட்டியை எடுத்துக்கொள்வோம். முழு வேகத்தில் ஓடும்போது அது அறையிலிருந்து சுமார் மூன்றரைக் கிலோவோட் வெப்பத்தை அகற்றும். அதற்காகச் சுமார் ஒரு கிலோவோட் மின்சாரத்தைச் செலவழிக்கும். அந்த மின்சாரமும் முடிவில் வெப்பமாகவே மாறுகிறது. ஆகவே வெளியே தள்ளப்படுவது இரண்டும் சேர்ந்த நான்கரைக் கிலோவோட். விளங்கும்படி சொல்வதானால், 1,000 வோட்ஸ் மின் அழுத்திகள் நான்கரையை இடைவிடாமல் சூடாக்கி அந்த ஒழுங்கையில் வைத்ததற்குச் சமம்.

அந்தச் சூடான காற்று தடையின்றி விலகிப் போனால் பெட்டி இலகுவாக வேலை செய்யும். கூடு போட்டு அடைத்தால் வெளியே தள்ளிய அதே சூட்டையே பின்பக்கத்தால் மீண்டும் இழுக்கும். வாயுவின் அழுத்தம் ஏறும், அமுக்கி கூடுதலாக உழைக்கும், மின்சாரம் கூடும், அளவு மீறினால் பாதுகாப்புக்காகத் தானே நின்றுவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான்.

இந்தக் கருவி முதலில் மனிதருக்காகச் செய்யப்பட்டதல்ல என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1902ஆம் ஆண்டு நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிலிருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தால் தாள் விரிந்து சுருங்கி வர்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பதியவில்லை. அந்த ஈரத்தைக் கட்டுப்படுத்தவே வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியியலாளர் தமது திட்டத்தை வரைந்தார். தாளுக்காகப் பிறந்த கருவி பின்னர் மனிதரின் அறைக்கு வந்தது. அதன் வெப்பம் எந்த மனிதர் மீது வீசும் என்ற கேள்வியும் அதனோடு வந்துவிட்டது.

மூடியிருந்த ஜன்னல்

கூட்டின் மேற்பலகையைக் கழற்றியதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தேன். ஓகஸ்ட் மாதத்தில் ஒரு நாள் மனைவியின் தங்கை மகள் பாடப் புத்தகங்களோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள். "ஏன் பிள்ளை, உங்கள் வீட்டில் படிக்க முடியாதா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன்.

"எங்கட வீட்டுல வேர்த்து ஊத்துது பெரியப்பா. உம்மா குசினி ஜன்னலப் பூட்டித்தான் சமைக்கிறா. தொறந்தா நெருப்பு மாதிரிக் காத்து வருது."

"எப்போதிருந்து?"

"உம்மம்மாக்கு ஏ.சி. போட்டதிலருந்து."

எனக்குப் பேச்சு வரவில்லை. நான் சாய்வாக அடிப்பித்த சலாகைகள், சூடான காற்றை நேரே அவர்களுடைய குசினி ஜன்னலை நோக்கித் திருப்பிவிட்டிருந்தன. ஏறக்குறைய மூன்று மாதம் அந்தப் பெண் அடைத்த குசினிக்குள் நின்று சமைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. அன்று மாலை மனைவி போய்க் கேட்டபோது, "உம்மா நிம்மதியாக் கிடக்கட்டும் எண்டுதான் ராத்தா நான் ஒண்டும் சொல்லல்ல" என்றாராம். இருவரும் அழுதுவிட்டு வந்தார்கள்.

மறுநாள் ளுஹர் தொழுகைக்குப் பின் அனுமதி கேட்டு அந்தக் குசினியில் போய் நின்றேன். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். கால் மணித்தியாலம்கூட என்னால் நிற்க முடியவில்லை. அயலவரின் உரிமைகளை ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களுக்குப் பாடம் நடத்துபவன் நான். அந்தப் பாடத்தை நான் படித்தது அந்தக் குசினியில்தான்.

பழைய நூல்கள் பேசும் விடயம்

இது புதிய காலத்துப் பிரச்சினை போலத் தோன்றினாலும் நமது ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் வாழ்ந்த இப்னுர் ராமீ என்பவர் கொத்தனார் தொழில் செய்தவர். அயல் வீட்டார் தகராறுகளில் நேரில் பார்த்து அபிப்பிராயம் சொல்லும்படி காழிகள் அவரை அனுப்புவார்கள். அந்த அனுபவத்தையும் மாலிக்கி மத்ஹப் அறிஞர்களின் தீர்ப்புகளையும் சேர்த்து, கட்டடங்களின் சட்டங்கள் பற்றி அவர் ஒரு நூலே எழுதினார். புகை, துர்நாற்றம், திரிகையின் அதிர்வு, பிறர் வீட்டுக்குள் பார்க்கும் ஜன்னல் ஆகியவற்றால் அயலவருக்கு ஏற்படும் தீங்குகள் அதில் ஆராயப்படுகின்றன. குளிக்கும் ஹம்மாம்களின் அடுப்புப் புகை அன்று எப்படியோ, இன்று குளிரூட்டியின் வெப்பம் அப்படி.

உஸ்மானியப் பேரரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த 'மஜல்லா' என்ற சட்டக்கோவையில் இன்னும் நெருக்கமான ஓர் இடம் உண்டு. குசினி, கிணற்றடி, முற்றம் போன்ற பெண்கள் புழங்கும் இடம் அயல் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிவதை அதன் 1202ஆவது பிரிவு மிகையான தீங்கு என்று கொள்கிறது. அப்படியானால் ஜன்னலை முற்றாக அடைத்துவிடு என்று அது சொல்லவில்லை. ஒரு சுவரையோ மரத்தட்டியையோ வைத்துப் பார்வையை மறைத்தால் போதும் என்கிறது. கொப்புகளால் கட்டிய வேலியின் இடைவெளியால் பெண்கள் தெரிந்தால் அந்த இடைவெளிகளை அடைக்கச் சொல்கிறது. வேலியைப் பிடுங்கிவிட்டுச் சுவர் கட்டும்படி கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. ஒருவரின் தீங்கு நீங்க வேண்டும், மற்றவரின் காற்றும் வெளிச்சமும் தேவைக்கு மேல் பறிபோகக் கூடாது என்ற இரண்டையும் அது ஒரே தராசில் வைக்கிறது.

மஜல்லா ஹனஃபி மத்ஹபை ஒட்டியது. நமது நாட்டில் அது சட்டமும் அல்ல. ஆனாலும் அதைப் படித்தபோது என் தட்டியின் பிழை எனக்கு விளங்கிற்று. நான் பார்வையை மறைப்பதை மட்டும் யோசித்தேன். காற்றை யோசிக்கவில்லை.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவித்து, புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான ஒரு ஹதீஸ் இங்கே நினைவுக்கு வருகிறது. அயலவர் தமது மரக்கட்டையைப் பதிக்க வந்தால் தன் சுவரைத் தர மறுக்க வேண்டாம் என்பது அதன் கருத்து. நமது சுவரையே அயலவரோடு பகிரச் சொன்ன மார்க்கத்தில், அவருடைய ஜன்னலை அடைக்க வைத்துவிட்டு நாம் எப்படிக் குளிர்ந்திருப்பது?

கெய்ரோவும் ஜித்தாவும் கற்பிப்பது

மறைக்கவும் வேண்டும், காற்றும் வேண்டும் என்ற இந்தத் தேவைக்கு முஸ்லிம் உலகின் தச்சர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை கண்டிருக்கிறார்கள். கெய்ரோவின் பழைய வீடுகளில் 'மஷ்ரபிய்யா' என்ற மரச்சாளரங்கள் உண்டு. கடைந்தெடுத்த சிறு சிறு மரத்துண்டுகளைக் கோத்துச் செய்த கிராதி அது. 1648இல் கட்டத் தொடங்கிய பைத்துஸ் ஸுஹைமி என்ற வீட்டில் இன்றும் அவற்றைப் பார்க்கலாம். உள்ளேயிருக்கும் பெண்களுக்குத் தெரு தெரியும். தெருவிலிருப்பவருக்கு உள்ளே தெரியாது. நீர்ச்சாடிகளை அங்கே வைத்துக் குளிர்விப்பார்கள். 'குடித்தல்' என்ற பொருளுள்ள அரபு மூலச்சொல்லிலிருந்தே அதன் பெயர் வந்ததென்று பலரும் விளக்குவர்.

எகிப்தியக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ, 1986இல் வெளிவந்த தமது நூலில் மஷ்ரபிய்யாவுக்கு ஐந்து வேலைகள் உண்டென்று காட்டினார்: வெளிச்சத்தை அளவாக்குதல், காற்றோட்டத்தை நெறிப்படுத்தல், காற்றைத் தணித்தல், ஈரப்பதனைச் சேர்த்தல், மறைவு தருதல். கண்மட்டத்தில் கிராதி நெருக்கமாக இருக்கும். மேலே போகப் போக இடைவெளி பெருத்திருக்கும். மறைவு தேவைப்படும் இடத்தில் மறைவு. தேவையில்லாத இடத்தில் தாராளமான காற்று.

ஹஜ்ஜுக்கும் தொழிலுக்கும் ஜித்தா சென்ற சகோதர சகோதரிகள் 'அல்பலத்' பழைய நகரின் வீடுகளைக் கண்டிருப்பார்கள். 2014இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்க்கப்பட்ட இடம் அது. அங்கே தெருவை நோக்கி நீட்டி நிற்கும் பெரிய மரச்சாளரங்களை 'ரோஷன்' என்பார்கள். கடல்வழியாக வந்த தேக்கினால் செய்தவை அவை. நமது ஊரைப் போலவே உப்புக்காற்றும் புழுக்கமும் உள்ள துறைமுகம் ஜித்தா. அந்தக் காலநிலையில் மூடிய பலகையை யாரும் சாளரமாக வைக்கவில்லை. நம் உம்மம்மாவின் கிடுகுத் தட்டியும் அதே அறிவுதான்.

இரண்டாவது தட்டி

செப்டெம்பர் மாதத்தில் பழைய கூட்டைக் கழற்றினோம். முதல் வேலையாகத் தட்டியைப் பற்றி யோசிக்காமல் பெட்டியின் இடத்தைப் பற்றி யோசித்தோம். ஒழுங்கையில் எந்தத் தட்டி வைத்தாலும் தீராது. சூடு போக இடமே இல்லை. ஆகவே எங்கள் பின்வளவுக்கு, எங்கள் பக்கத்தையே பார்க்கும்படி அதை மாற்றினோம். செப்புக் குழாயை நீட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவு முதல் நாள் மிச்சம் பிடித்ததைவிடக் கூடுதலாயிற்று.

கருவியோடு வந்த கையேட்டை அப்போதுதான் விரித்துப் பார்த்தேன். பின்பக்கம் 30 சென்ரிமீற்றர், இடப்பக்கம் 30, குழாய் பொருத்தும் வலப்பக்கம் 60, மேலே 60, காற்றுத் தள்ளும் முன்பக்கம் 2 மீற்றர் வெளி விடும்படி படம் போட்டிருந்தது. நிறுவனத்துக்கு நிறுவனம் இந்த அளவுகள் மாறும். உங்கள் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள்.

மரத்துக்கு மரக்காலைக்குப் போகவில்லை. மாமியின் பழைய வீட்டை உடைத்தபோது கழற்றிய முதிரை ஜன்னல் சட்டங்கள் கோழிக்கூட்டுக்குப் பின்னால் அடுக்கிக் கிடந்தன. ஓடாவி ஒன்றை எடுத்துச் சீவுளி பிடித்தார். கறுத்துக் கிடந்த மேற்பரப்பு சுருண்டு விழ, உள்ளேயிருந்து பொன்னிறம் மின்னியது. "இத விறகுக்கா வெச்சிரிக்கீங்க?" என்று கேட்டார். எத்தனையோ கச்சானும் மாரியும் கண்ட மரம். கறையான் தொடவில்லை.

அவர் செய்த முறையைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1. பெட்டியை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரமான கொங்கிறீட் மேடையில், அதிர்வைக் குறைக்கும் தடித்த றப்பர் துண்டுகள்மீது வைத்தோம். மாரிமழையில் வளவுக்குள் நீர் ஏறினாலும் அதைத் தொடாது.

2. தெரு ஒழுங்கையிலிருந்து தெரியும் இரண்டு பக்கத்துக்கு மட்டும் தட்டி வைத்தோம். காற்றுத் தள்ளும் முன்பக்கமும் மேற்பக்கமும் திறந்தே இருக்கின்றன. மேலே கூரை போடும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். மழையில் நனையும்படியே அப்பெட்டி செய்யப்பட்டிருக்கிறது.

3. சலாகை இரண்டு அங்குல அகலம், அரை அங்குலத் தடிப்பு. சலாகைக்கும் சலாகைக்கும் இடையே இரண்டு அங்குலம். அதாவது பாதி மரம், பாதி வெளி. வெளிப்பக்கம் தாழும்படி சற்றுச் சாய்த்துப் பொருத்தினார். நின்று பார்ப்பவரின் கண் மேலிருந்து கீழ்நோக்கிப் பார்ப்பதால் பெட்டி தெரியாது. மழைநீரும் வெளியே வழிந்துவிடும்.

4. தட்டியைப் பெட்டியோடு எந்த இடத்திலும் இணைக்கவில்லை. நான்கு மரத்தூண்களை இரும்புப் பாதத்தில் நிறுத்தி, பாதத்தை மட்டும் கொங்கிறீட்டில் பதித்தார். மரம் மண்ணைத் தொட்டால் கறையான் ஏறும். 1978 நவம்பர் 23ஆம் திகதி வீசிய சூறாவளியை நேரில் கண்டவர்கள் நம் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். உறுதியில்லாத ஒரு மரத்தட்டி காற்றில் எப்படிப் பறக்கும் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

5. குழாய் உள்ள பக்கத்துத் தட்டி கதவுபோல் பிணைச்சலில் திறக்கும். திருத்த வருபவர் ஆணி பிடுங்காமல் வேலை செய்யலாம்.

6. ஆணிக்குப் பதிலாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணிகள். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியுமுள்ள நமது இடத்தில் சாதாரண ஆணி விரைவில் கறள் கக்கி மரத்தையும் கெடுத்துவிடும். முதிரைக்குப் பெயின்ட் பூசவில்லை. எண்ணெய் மட்டும் தடவினோம்.

முதிரை கிடைக்காதவர்கள் தேக்கு, பாலை, நன்கு முற்றிய பனஞ்சலாகை ஆகியவற்றைப் பயன்படுத்தலாம். பலா போன்ற மரங்களை அனுமதியின்றி வெட்டுவது சட்டப்படி குற்றம் என்பதையும் மறக்க வேண்டாம். உடைத்த வீட்டு மரமே எல்லாவற்றிலும் மேல்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். இடைவெளியுள்ள மரத்தட்டி பெட்டியைக் கண்ணுக்கு மறைக்கும், சத்தத்தை மறைக்காது. சத்தம் குறைவது தூரத்தால்தான். ஆகவே அயல் வீட்டார் உறங்கும் அறைக்கு அருகே பெட்டியை வைத்துவிட்டுத் தட்டியை நம்பியிருக்கக் கூடாது.

வைத்த பின்னர்

மாதம் ஒரு முறை தட்டியைத் திறந்து பாருங்கள். குளவிக் கூடும் அணில் கூடும் உள்ளே வந்துவிடும்; உதிர்ந்த இலைகள் பின்பக்கத் தகடுகளில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய ஓட்டத்தில் நல்ல நீரால் தகடுகளைக் கழுவினால் உப்பும் தூசியும் போகும். வேகமாகப் பீய்ச்சினால் மெல்லிய தகடுகள் வளைந்துவிடும். பூச்செடிகளைச் சூடான காற்றுக்கு நேரே வைக்க வேண்டாம். இரண்டே நாளில் கருகிவிடும்.

அறைக்குள்ளிருந்து வரும் நீர்க்குழாயையும் கவனியுங்கள். அதை ஒழுங்கையில் சொட்டவிட்டால் நடப்போருக்குச் சேறு. தேங்கினால் டெங்கு நுளம்புக்கு வீடு. நாங்கள் அதை முருங்கையின் அடிக்குக் கொண்டுபோய்விட்டோம்.

அடுத்த மின்பட்டியலில் அலகுகள் குறைந்திருந்தன. மத்தியானத்தில் கருவி நிற்பதும் இல்லை. கச்சான் தணிந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று எண்ணினேன். மறு வருடம் கச்சான் உச்சத்திலும் அது நிற்காமல் ஓடிய பிறகுதான் மனம் ஆறியது.

தட்டி வைத்து முடித்த நாள் மத்தியானம், மாமியின் அறைக் குளிரூட்டியைச் சற்று நிறுத்தி ஜன்னலைத் திறந்தோம். ஒழுங்கைக்கு அப்பால் தங்கையின் குசினி ஜன்னலும் திறந்திருந்தது. அம்மியில் எதையோ அரைக்கும் சத்தம் வந்தது. மாமி தலையைத் திருப்பி, "எளையவள் ஊருல இல்லியோ எண்டு நெனச்சன். இத்தின நாளா அவட சத்தத்தையே காணல்ல" என்றார்.

படுக்கையில் கிடக்கும் ஒரு தாய்க்கு இளைய மகளின் அம்மிச் சத்தம் எவ்வளவு பெரிய துணையாக இருந்திருக்கிறது! அதை நாங்கள் இரண்டு பக்கத்தாலும் அடைத்து வைத்திருந்தோம். இப்போது பதினொரு மணியிலிருந்து அஸர் வரை மட்டுமே குளிரூட்டி. அதன் பின் இரண்டு ஜன்னல்களும் திறந்துவிடும். கறிச் சட்டியும் பேச்சும் ஒழுங்கையைக் கடந்து வரும்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் தட்டி அடிக்கும் எண்ணமிருந்தால், ஓடாவியை அழைப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். மத்தியானப் பொழுதில், குளிரூட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது, அயல் வீட்டுக் குசினியில் கால் மணித்தியாலம் போய் நில்லுங்கள். அவர் "பரவாயில்லை" என்று சொன்னாலும் நம்பிவிடாமல், ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியை எங்கே வைப்பது, தட்டியை எந்தப் பக்கம் திறப்பது என்பதற்கெல்லாம் விடை அந்த ஜன்னலில் கிடைத்துவிடும்.